கார்ட்டிங்கில் தொடங்கி ஸ்போர்ட்ஸ் கார் வரை: கிருஷ்ணகிரியிலிருந்து வழி உண்டா?

அலைன்மென்ட்_கிருஷ்ணகிரி:
வணக்கம். பைபாஸில் லாரிகளுக்கு வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன். மகளுக்குப் பதினொரு வயது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் டீம் தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததே, அன்று பிடித்தது. பெங்களூருக்குக் கூட்டிப்போய் வாடகை கார்ட் (கோ-கார்ட், சின்னப் பந்தய வண்டி) ஓட்ட விட்டேன். அங்கிருந்த பையன், "பாப்பா பயப்படாம பிரேக் பிடிக்குது சார்" என்றான். அவ்வளவுதான், வீட்டில் தினமும் இதே பேச்சு. ஃபார்முலா ஒன் வேண்டாமாம், போர்ஷே ஸ்போர்ட்ஸ் கார்தான் வேண்டுமாம். மாங்காய் சீசனில் கடையில் நல்ல வேலை, மற்ற மாதங்கள் சுமார்தான். எங்கே தொடங்குவது? கடைசி வரை செலவு மட்டும்தானா, எப்போதாவது சம்பளம் வருமா?

தொப்பூர்_இறக்கம்:
சொத்து இருக்கிறதா அண்ணா? இல்லையென்றால் பேட்மின்டனில் சேர்த்து விடுங்கள். மட்டை உடைந்தால் இன்னொன்று வாங்கலாம்.

ஓசூர்_ஸ்பேனர்:
மேலே உள்ளவர் கிண்டல் செய்தாலும் சொன்னது பாதி உண்மை. நான் ஏழு வருடம் கார்ட் டீம்களில் மெக்கானிக்காக இருந்தவன். இப்போது ஓசூரில் ஷிஃப்ட் வேலை.

வாடகை கார்ட்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது கனமான நாலு ஸ்ட்ரோக் வண்டி. பந்தய கார்ட் டூ ஸ்ட்ரோக், 125 சிசி, கையில் அடிக்கும். உங்கள் தொழிலுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன்: திருப்பத்தில் இரண்டு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் அதில் கிடையாது, சஸ்பென்ஷனும் கிடையாது. பின்பக்க இரண்டு சக்கரமும் ஒரே ஆக்ஸிலில் பூட்டியவை. லாரியில் டிஃபரன்ஷியல் இல்லாவிட்டால் திருப்பத்தில் டயர் என்ன பாடு படும்? கார்ட்டும் அப்படித்தான் இழுக்கும். அதனால் திரும்பும்போது உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்ப வேண்டும். ஸ்டியரிங் கேஸ்டரும் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) சேசிஸ் வளைவதும் சேர்ந்து அதைச் செய்யும். சீட்டை ஒரு விரல்கடை தள்ளிப் பூட்டினாலே வண்டி வேறு வண்டியாகிவிடும். கேஸ்டர், டோ எல்லாம் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு, பாதி டியூனிங் செலவு மிச்சம்!

வழி இதுதான். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே, பெங்களூரில் கார்ட் டிராக்குகள். இந்திய மோட்டார் பந்தய அமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் லைசென்ஸ் எடுத்து, சின்னப் பிள்ளைகளுக்கான மைக்ரோ அல்லது மினி பிரிவில் தொடங்கி, ஜூனியர், சீனியர். ஆளைக் கவிழ்ப்பது கார்ட் விலை இல்லை, டயர். பயிற்சிக்குப் பயிற்சி தேயும். முதல் வருடம் சொந்தக் கார்ட் வாங்கவே வாங்காதீர்கள், டீமில் வாடகைக்கு எடுங்கள். ஒரு அப்பா நிலத்தை அடமானம் வைத்து வாங்கினார். பையன் ஆறே மாதத்தில் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான்.

சம்பளக் கேள்விக்கு வருகிறேன். உங்கள் பெண் தெரிந்து சொன்னாளோ தெரியாமல் சொன்னாளோ, ஃபார்முலா ஒன் வேண்டாம் என்றது விவரமான பேச்சு. அங்கே இருபது சீட் சொச்சம்தான். இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் டிரைவர் நரேன் கார்த்திகேயன் 1993இல் இங்கே ஃபார்முலா மாருதி பந்தயத்தில் ஓட்டியவர், அங்கே போய்ச் சேர 2005 ஆனது. ஸ்போர்ட்ஸ் காரில் ஒரு காரை இரண்டு மூன்று பேர் பங்கு போடுவார்கள். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ டிரைவர்களை பிளாட்டினம், கோல்டு, சில்வர், வெண்கலம் என்று தரம் பிரிக்கிறது. பிரான்ஸ் நாட்டில் நடக்கும் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில், விற்பனைக்கு வரும் ஸ்போர்ட்ஸ் கார்களை மாற்றி ஓட்டும் ஜிடி3 பிரிவில் ஒவ்வொரு காரிலும் ஒரு வெண்கலம், அதாவது அமெச்சூர், கட்டாயம். பணம் பெரும்பாலும் அவர் கொண்டு வருவார். அவரோடு சேர்ந்து ஓட்ட வேகமான ஆள் வேண்டுமே? அங்கேதான் கூலி. வயதும் பெரிய தடை இல்லை. நரேன் 42 வயதில் ஜப்பானில் சூப்பர் ஜிடி என்ற ஸ்போர்ட்ஸ் கார் தொடரில் ஓட்டி, 2019 நவம்பரில் ஃபியூஜியில் ஒரு பந்தயம் ஜெயித்தார்.

ஆனால் குணம் வேறு வேண்டும். கார்ட்டில் எல்லாரும் முட்டி மோதி இடம் பிடிப்பார்கள். ஸ்போர்ட்ஸ் காரில் ராத்திரியில் வேகம் குறைந்த கார்களுக்கு நடுவே புகுந்து போய், காரை முழுசாக அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். 2009 லெ மான்ஸில் நரேனுக்குப் பந்தயம் தொடங்கும் முன்பே தோள்பட்டை விலகிவிட்டது. கூட ஓட்ட வேண்டிய லோட்டரரும் ஸ்வோல்ஸ்மனும் இரண்டே பேராக 24 மணி நேரத்தையும் ஓட்டி ஏழாவது வந்தார்கள். அடுத்த வருடமே லோட்டரரை ஆடி (Audi) கார் கம்பெனி தன் டீமில் எடுத்துக்கொண்டது, பிறகு மூன்று முறை லெ மான்ஸ் ஜெயித்தார். என் கணக்கில் அந்த ஒரு ராத்திரிதான் அவருக்கு இன்டர்வியூ.

தருமபுரி_மினி:
நான் பெண், பள்ளிக் காலத்தில் இரண்டு வருடம் ஓட்டியவள். ஹெல்மெட்டுக்கு அடுத்து விலா எலும்புக் கவசம் வாங்குங்கள் அண்ணா. சீட்டில் இடித்து இடித்துச் சிரிக்கக்கூட முடியாமல் வலிக்கும், யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். பாப்பாவுக்கு அயர்ன் டேம்ஸ் டீம் பற்றிச் சொல்லுங்கள். மூன்று பெண்கள், 2023 பஹ்ரைனில் தங்கள் பிரிவில் ஆண்களை எல்லாம் பின்னால் தள்ளி ஜெயித்தார்கள். கார் என்ன தெரியுமா? போர்ஷேதான்.

அலைன்மென்ட்_கிருஷ்ணகிரி:
நன்றி. டிஃபரன்ஷியல் விஷயத்தைக் கடைப் பையன்களிடம் சொன்னேன், நம்பவில்லை. அவள் அம்மா அரையாண்டுக் கணக்குப் பரீட்சை முடியட்டும் என்கிறாள். முடிந்ததும் செட்டிபாளையம். ஹெல்மெட் மட்டும் இப்போதே வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். அளவு எப்படி எடுப்பது?

ஓசூர்_ஸ்பேனர்:
புருவத்துக்கு மேலே டேப்பைச் சுற்றி அளங்கள். யூனிஃபார்ம் மாதிரி, வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிதாக மட்டும் எடுத்துவிடாதீர்கள்.