பள்ளிக்கூடத்தில் கைக்கயிறு: தடை போட்டால் தீருமா?

தாமிரபரணிக்காரன்:
நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் சாதிப் பகையில் பன்னிரண்டாம் வகுப்புப் பையனையும் தடுக்கப்போன தங்கச்சியையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். அதையொட்டி அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கலர் கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு எதுவும் பள்ளிக்குள் கூடாது என்று அதில் இருக்கிறது. 2019-லேயே பள்ளிக் கல்வித் துறை கயிறைப் பற்றிச் சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அது கிடப்புக்குப் போனது. இன்னும் எதற்குத் தயக்கம்? கேட்டிலேயே அவிழ்த்துவிட்டு உள்ளே அனுப்புங்கள்.

கரிசல்காட்டான்:
கோயில் கயிறு கட்டாத வீடு நம்ம பக்கம் எது அண்ணாச்சி? எது சாமி கயிறு, எது சாதிக் கயிறு என்று வாட்ச்மேனா பிரித்துப் பார்ப்பார்?
சமுதாயம் என்றாலே வெட்டுக்குத்துதான் என்கிற பேச்சையும் நான் ஏற்கமாட்டேன். விருதுநகரில் 1889-ல் நாடார்கள் க்ஷத்ரிய வித்யாசாலைப் பள்ளியை எழுப்பியது கடைக்குக் கடை மகமை (வியாபாரத்தில் ஒரு பங்கைச் சமூகப் பொதுவுக்குக் கொடுப்பது) பிரித்துத்தான். கமுதி கோயிலுக்குள் நுழைந்ததற்காகப் வெள்ளைக்காரன் காலத்தில் லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை வழக்காடித் தோற்றவர்கள் அந்தச் சமூகத்தார். கூட்டமாக நிற்காமல் அவர்களால் நிமிர்ந்திருக்க முடியுமா? ஆளில்லாதவனுக்கு இந்த ஊரில் யார் நாற்காலி போட்டார்கள்?

கணியன்:
மகமை பிரித்தவர்கள் பள்ளிக்கூடம் கட்டினார்கள். இந்தக் கயிறு எதைக் கட்டியிருக்கிறது? இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.
1970 வாக்கில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் 14, 15 வயதுப் பள்ளிப் பையன்களை இரண்டு குழுவாகப் பிரித்தார். 'உனக்கு இந்த ஓவியர் பிடித்திருக்கிறது, அதனால் இந்தக் குழு' என்று சொன்னாலும் உண்மையில் பிரித்தது சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலத்தான். யார் எந்தக் குழு என்று முகம்கூடத் தெரியாது. மற்றவர்களுக்குப் பணம் பங்கிடச் சொன்னால் தன் குழுவுக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள். அடுத்த குழுவைவிட முந்தி நிற்க முடியும் என்றால், தன் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை என்று பலர் முடிவெடுத்தார்கள். பகையே இல்லாத இடத்தில் இவ்வளவு! நமக்கோ தலைமுறை தலைமுறையாக வந்த பகை இருக்கிறது. அதற்குக் கலர் வேறு கொடுக்க வேண்டுமா?

செல்வி டீச்சர்:
நான் ஒன்பதாம் வகுப்பு எடுக்கிறேன். ஜூனில் கை வெறுமையாக வந்த பையன், ஆடி மாதக் கோயில் கொடைத் திருவிழா முடிந்ததும் கயிறோடு வந்தான். ஏம்ப்பா என்றேன். "கட்டலன்னா நீ யாரு பக்கம்னு கேக்காங்க டீச்சர்" என்றான். அவன் குரலில் பெருமையெல்லாம் இல்லை, பயம்தான் இருந்தது. கரிசல்காட்டான் தம்பி சொல்கிற துணை அவனுக்குக் கிடைத்தது உண்மைதான். ஆனால் வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வழியே இல்லை.
கயிறை வாங்கிவைத்தோம். அடுத்த வாரம் அதே கலர் சைக்கிள் மட்கார்டில் ஏறிவிட்டது. பெஞ்சில் அகர வரிசைப்படி உட்காரவைத்தது கொஞ்சம் வேலை செய்தது. இடைவேளையில் பழைய கூட்டத்துக்கே ஓடுகிறார்கள் என்றாலும், கணக்கு நோட்டு இப்போது பக்கத்துப் பையனிடம் கைமாறுகிறது.
இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்டாஃப் ரூமில் நாங்கள் யாரோடு டிபன் பாக்ஸைத் திறக்கிறோம் என்று பையன்கள் பார்க்கிறார்கள்.

கரிசல்காட்டான்:
டீச்சர் சொன்ன கடைசி வரிக்காகவே இந்தத் திரி ஓடலாம். என் கேள்வியும் அதுதான். 1997-ல் கட்டபொம்மனின் தளபதியாக இருந்த, பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் வந்ததும் தென்மாவட்டத்தில் கலவரம். உடனே எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை அரசு எடுத்தது. பகை போனதா? பெரியவர்களை விட்டுவிட்டுப் பிள்ளை கையைப் பிடித்து அவிழ்ப்பது அதே வேலைதான். முதலில் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

தாமிரபரணிக்காரன்:
பெயரை எடுத்ததால் பகை தீரவில்லை, சரி. சண்டைக்கு ஒரு சாக்காவது குறைந்தது. பெற்றோரைக் கூப்பிடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? அந்தக் கயிறைக் கட்டிவிட்டதே அப்பா என்றால் என்ன செய்வீர்கள்?

செல்வி டீச்சர்:
அப்படி ஒருவர் வந்தார் அண்ணாச்சி. ஹெச்.எம். முன்னால் ஒரு மணி நேரம் பேசினோம். அவர் மசியவில்லை. பையன் மட்டும் மறுநாள் முழுக்கைச் சட்டை போட்டு வந்தான். அவன் இடம் அகர வரிசையில் எங்கே வருமோ அங்கேதான் உட்காரவைத்தேன். வருஷம் முழுக்க அங்கேயேதான் இருப்பான்.