நான்கு வயது மகளுக்குத் தேநீர் விருந்துப் பிறந்தநாள்: சில ஐயங்கள்

நிலாமுற்றம் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு அடுத்த மாதம் நான்கு வயது நிறைவடைகிறது. பொம்மைக் கோப்பைகளை அடுக்கிக் கரடிப் பொம்மைகளை உபசரிப்பதே இப்போது அவளுடைய முழுநேர வேலையாக இருப்பதால், பிறந்தநாளையும் ‘கரடிகளின் தேநீர் விருந்து’ என்றே அமைத்து, வரும் குழந்தைகள் ஆளுக்கொரு பொம்மையை உடன் அழைத்துவரச் சொல்லலாம் என்று எண்ணுகிறோம். உண்மையான தேநீரைக் கொடுக்கலாமா? பீங்கான் கோப்பைகள் சரிவருமா? இந்த வயதுக் குழந்தைகள் மேசையில் எவ்வளவு நேரம்தான் அமர்ந்திருப்பார்கள்?

மழலையர் வகுப்பு (பதில்):
தேநீர் வேண்டாம். அதில் காஃபீன் இருப்பதால் சிறு குழந்தைகளுக்கு அதைத் தவிர்க்குமாறே குழந்தை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். சூடு அதைவிடப் பெரிய சிக்கல்: குழந்தைகளின் தோல் மெல்லியது என்பதால், போட்டுப் 15 நிமிடங்கள் ஆன தேநீர்கூட அவர்கள்மேல் கொட்டினால் புண்ணாக்கிவிடக்கூடும். பெரியவர்களுக்கான தேநீரையும் அந்த மேசைக்கு அருகில் கொண்டுவராதீர்கள். தொங்கும் மேசைவிரிப்பும் வேண்டாம், யாராவது ஒரு குழந்தை அதை இழுத்தே தீரும்.

உண்மையில் இக்குழந்தைகளுக்குப் பிடித்தது குடிப்பதன்று, ஊற்றுவதுதான். ஆகவே ஒரே பெரிய கூஜாவைப் பெரியவர் ஒருவர் வைத்துக்கொண்டு பரிமாறுவதைவிட, இரண்டு குழந்தைகளுக்கு ஒன்று என்ற கணக்கில் சிறிய கூஜாக்களை வைத்து, ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்கு மட்டும் குளிர்ந்த பாலையோ தண்ணீர் கலந்த பழச்சாற்றையோ நிரப்பி, அடியில் விளிம்புள்ள தட்டு ஒன்றையும் வைத்துவிட்டால், தமக்கும் கரடிக்கும் பக்கத்துக் கரடிக்குமாக அவர்களே ஊற்றிக்கொண்டிருப்பார்கள். சிந்தும், சிந்தட்டும், துடைக்க ஆளுக்கொரு சிறு துணி கொடுங்கள், அதுவும் அவர்களுக்கு விளையாட்டுதான். ரொட்டித் துண்டுகளைக் கரடி வடிவில் வெட்டும் வேலையையும் அவர்களிடமே விடலாம். திராட்சையை மட்டும் நீளவாக்கில் நான்காக நறுக்கி வையுங்கள். முழுப் பழம் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். தடித்த பீங்கான் கோப்பை என்றால் கொடுக்கலாம் என்பது என் கருத்து. உடையும் பொருள் என்று தெரிந்தால் குழந்தைகள் கவனமாகவே பிடிப்பார்கள்.

காகிதப்பூ (பதில்):
பீங்கான் குறித்து மட்டும் நான் உடன்படவில்லை. தம் வீட்டு மேசையில் கவனமாக இருக்கும் குழந்தை, கூட்டத்தின் உற்சாகத்தில் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. எனாமல் பூசிய தகரக் கோப்பைகள் அழகாகவும் இருக்கும், விழுந்தாலும் உடையாது.

அலங்காரத்தில் இரண்டைக் கவனியுங்கள். மின்கல மெழுகுவத்திகள் பலவற்றில் பொத்தான் வடிவ மின்கலம் இருக்கிறது. அதை விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாய் 2 மணி நேரத்துக்குள்ளேயே வெந்து புண்ணாகிவிடக்கூடும். மூடி திருகாணியால் இறுக்கப்படாதவற்றை வாங்கவே வேண்டாம். வெடித்த பலூனின் துண்டுகளும் மூச்சுக்குழாயை அடைக்கும் என்பதால், காகிதத் தோரணமே போதும்.

மூன்றாம் மணி (பதில்):
மேசையில் 20 நிமிடங்கள் அமர்ந்தாலே நீங்கள் வென்றதாக வைத்துக்கொள்ளலாம். மொத்த விருந்தை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுங்கள், பகல் தூக்க நேரத்தில் வைக்காதீர்கள். வயதோடு ஒன்றைக் கூட்டி, அத்தனை விருந்தினர் என்பது பழைய கணக்கு; உங்களுக்கு ஐந்து குழந்தைகள். வந்தவுடன் கரடிகளுக்குக் காகிதத் தொப்பி செய்யச் சொல்லுங்கள், பிறகு மேசை, பிறகு ஒளித்துவைத்த கரடிகளைத் தேடும் ஆட்டம். பொம்மையை மறந்துவிட்டு வரும் குழந்தைக்காக இரண்டு கரடிகள் கூடுதலாக இருக்கட்டும். அழைப்பிலேயே உணவு ஒவ்வாமை பற்றிக் கேட்டுவிடுங்கள்.

நிலாமுற்றம்:
மிக்க நன்றி. தகரக் கோப்பைகள், சிறு கூஜாக்கள், ஐந்து குழந்தைகள் என்று முடிவு செய்துவிட்டோம். தன் கரடியை வேறு யாரும் தொடவே கூடாது என்று என் மகள் இப்போதே அறிவித்திருக்கிறாள். அதற்கு என்ன செய்வது?

மழலையர் வகுப்பு:
அந்தக் கரடியைத் தலைமை விருந்தினராக்கி, அவளுக்குப் பக்கத்திலேயே தனி நாற்காலியில் அமர்த்திவிடுங்கள். தேடும் ஆட்டத்தில் அதை மட்டும் சேர்க்காதீர்கள்.