‘சின்ஸ்’ வந்தால் எப்போதும் ‘ஹேவ் பீன்’ போட வேண்டுமா?

பின்னலாடை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது வாங்குபவருக்கும் தொழிற்சாலைக்கும் இடையே ஆர்டரைக் கவனிப்பவராகப் பணியாற்றுகிறேன். பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழியில் படித்தவள் என்பதால், வெளிநாட்டு பையர்களுக்கு (சரக்கை வாங்குபவர்களுக்கு) நாள்தோறும் எழுத வேண்டிய மின்னஞ்சல்களில் ஆங்கில வினைச்சொற்களின் காலம்தான் என்னை அதிகமாகத் தடுமாற வைக்கிறது.

சென்ற மாதம் லேப் டிப் (சாய நிறத்தைச் சரிபார்க்க அனுப்பும் சிறு துணி மாதிரி) ஒப்புதல் தாமதமானபோது, ‘வி ஆர் வெயிட்டிங் ஃபார் யுவர் அப்ரூவல் சின்ஸ் மண்டே’ என்று எழுதினேன். அனுப்புவதற்கு முன் அதைப் பார்த்த எங்கள் மேலாளர், ‘வி ஹேவ் பீன் வெயிட்டிங்’ என்று திருத்திக் கொடுத்து, “சின்ஸ், ஃபார் என்று வந்தால் ஹேவ் பீன் போட்டு இங் சேர்த்துவிடுங்கள்” என்றார். நானும் அதை ஒரு வாய்பாடாகவே பிடித்துக்கொண்டேன். அதன் பிறகுதான் சிக்கல் தொடங்கியது.

எங்களுக்குத் துணி தரும் ஆலையைப் பற்றி, ‘வி ஹேவ் பீன் நோயிங் திஸ் மில் ஃபார் டென் இயர்ஸ்’ என்று ஒரு கடிதத்தில் எழுதினேன். மேலாளரே அதை அடித்துவிட்டார்; ஆனால் ஏன் தவறு என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அடுத்தது இதைவிடப் பெரிது. 2,400 பீஸ்களையும் பேக்கிங் செய்து முடித்த மகிழ்ச்சியில், ‘வி ஹேவ் பீன் பேக்கிங் தி ஆர்டர்’ என்று பையருக்கு எழுதிவிட்டேன். “இன்னும் எத்தனை நாள் ஆகும், கப்பலைத் தவறவிட்டுவிடுவீர்களா?” என்று மறுநாளே பதற்றத்தோடு பதில் வந்தது.

‘திங்கட்கிழமையிலிருந்து காத்திருக்கிறோம்’ என்று தமிழில் நிகழ்காலத்திலேயே இயல்பாகச் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலம் மட்டும் ஏன் அதற்கு இடம் கொடுப்பதில்லை? ‘ஹேவ் பீன் – இங்’ என்னும் இந்த பிரசென்ட் பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ் வடிவம் எங்கே வரும், எங்கே வராது என்பதை விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கரும்பலகை

சகோதரிக்கு வணக்கம். ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தாங்கள் முதலில் எழுதிய அந்த வாக்கியத்தைத் திருத்தியே என் சிவப்பு மையில் பாதி தீர்ந்திருக்கும்.

‘ஆர் வெயிட்டிங்’ என்பது இந்த நேரத்தில் நடப்பதை மட்டுமே காட்டும். எப்போது தொடங்கியது என்பதைத் தாங்கிச் செல்லும் வலு அந்த வடிவத்துக்குக் கிடையாது. ‘சின்ஸ் மண்டே’ என்று தொடக்கத்தைச் சொன்னவுடன், அன்றைக்கும் இன்றைக்கும் இடையில் ஒரு தொடர்பு வேண்டியிருக்கிறது. அந்தத் தொடர்பைத் தருவது ‘ஹேவ்’. செயல் இடையறாமல் ஓடுவதைக் காட்டுவது ‘இங்’. ‘பீன்’ இரண்டையும் இணைக்கிறது. எழுவாய் ஒருமைப் படர்க்கையாக இருந்தால் ‘ஹேவ்’ என்பது ‘ஹேஸ்’ ஆகும் என்பது தங்களுக்குத் தெரிந்ததே.

தங்கள் மேலாளர் சொன்ன வாய்பாடு பாதிதான் சரி. ‘ஃபார்’ வந்த இடமெல்லாம் ‘ஹேவ் பீன்’ வராது. காத்திருந்தது முடிந்துபோயிருந்தால், ‘வி வெயிட்டட் ஃபார் த்ரீ டேஸ்’ என்று சாதாரண இறந்தகாலமே போதும். ஒப்புதல் வந்த பிறகு அதைப் பற்றி எழுதுகிறீர்களா, வருவதற்கு முன்பு எழுதுகிறீர்களா என்பதே வேறுபாடு. ‘சின்ஸ்’ என்னும் சொல்லுக்கு ‘ஏனெனில்’ என்ற பொருளும் உண்டு; அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

பேக்கிங் விவகாரத்தில் பையரைக் குறை சொல்ல முடியாது. ‘ஹேவ் பீன் பேக்கிங்’ என்றால், இவ்வளவு நாளாக அந்த வேலையில் ஈடுபட்டிருக்கிறோம் என்றுதான் பொருள். வேலை முடிந்ததா இல்லையா என்பதை அது சொல்லாது, பெரும்பாலும் முடியவில்லை என்ற எண்ணத்தையே ஏற்படுத்தும். ‘வி ஹேவ் பேக்டு தி ஆர்டர்’ என்றால்தான் பெட்டி மூடி நாடா ஒட்டியாயிற்று என்று ஆகும். எழுதுவதற்கு முன் தாங்களே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ‘எவ்வளவு காலமாக?’ என்பதற்கு விடையாக எழுதினால் ‘பீன் பேக்கிங்’ பொருந்தும். ‘எத்தனை?’ என்பதற்கு விடை என்றால், அதாவது 2,400 பீஸ் என்று எண்ணிக்கை வந்துவிட்டால், ‘ஹேவ் பேக்டு’ மட்டுமே பொருந்தும். ‘வி ஹேவ் பீன் பேக்கிங் 2,400 பீசஸ் சின்ஸ் மார்னிங்’ என்று எழுதினால் படிப்பவர் குழம்பிப்போவார்.

இனி ‘நோயிங்’. அறிதல், உடைமை, நம்பிக்கை, விருப்பம் போன்றவை நிலைகள். கை அசைந்து செய்யும் செயல்கள் அல்ல. ஒருவரை அறிந்திருப்பது நேற்றுப் பாதி, இன்று மீதி என்று நடைபெறுவதில்லை. ஆகவே நோ, ஓன், பிலாங், பிலீவ் முதலிய வினைகள் ‘இங்’ ஏற்பதில்லை. ‘வி ஹேவ் நோன் திஸ் மில் ஃபார் டென் இயர்ஸ்’ என்பதே சரி. ‘ஹேவ்’ என்ற வினை மட்டும் இரண்டு பக்கமும் நிற்கும். ஓர் இயந்திரம் ஐந்தாண்டுகளாக நம்மிடம் இருக்கிறது என்றால் ‘வி ஹேவ் ஹேட் திஸ் மெஷின் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’. சாயப்பட்டறையில் ஒரு வாரமாகத் தொல்லை என்றால் ‘வி ஹேவ் பீன் ஹேவிங் ட்ரபிள்’. முன்னது உடைமை, பின்னது அனுபவித்துக்கொண்டிருப்பது.

லிவ், வொர்க் ஆகிய இரண்டுக்கும் எந்த வடிவத்தை எழுதினாலும் பெரிய வேறுபாடு இல்லை. அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இருமொழியாளன்

ஆங்கிலப் பக்கத்தை ஐயா தெளிவாக விளக்கிவிட்டார். ‘தமிழில் ஏன் நிகழ்காலமே போதுமானதாக இருக்கிறது?’ என்ற கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

தொல்காப்பியத்தின் வினையியல் காலத்தை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என மூன்றாகவே வகுக்கிறது. அதற்கு உரை எழுதிய சேனாவரையர், தொழில் தொடங்கப்பட்டு முற்றுப்பெறாத நிலையையே நிகழ்காலம் என்கிறார். இந்த விளக்கத்தைச் சற்று நிதானமாகப் படித்தால் உங்கள் ஐயம் தீர்ந்துவிடும். தொடங்கியதும் முடியாததும் தமிழின் நிகழ்காலத்துக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன; ஆகவே ‘திங்கட்கிழமையிலிருந்து’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், வினைமுற்றை மாற்ற வேண்டியதில்லை. ஆங்கிலமோ தொடக்கத்தை நினைவூட்டும் நிகழ்வுக்கும், இப்போது கண்முன் நடக்கும் நிகழ்வுக்கும் தனித்தனி வடிவம் கேட்கிறது. இதில் நாம் தனியாகவும் இல்லை: இந்தியிலும் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் இவ்விடத்தில் நிகழ்காலமே வரும், அம்மொழிக்காரர்களும் ஆங்கிலம் எழுதும்போது இதே பிழையைச் செய்கிறார்கள்.

பள்ளியில் ‘கொண்டிருக்கிறேன்’ என்பதை ‘ஆம் – இங்’ வடிவத்துக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, ‘ஹேவ் பீன் – இங்’ வடிவத்துக்கு ‘செய்துகொண்டே இருந்திருக்கிறேன்’ என்று வழக்கில் இல்லாத ஒன்றைக் கட்டிக்கொடுப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் எண்ணம். நல்ல தமிழில் இதற்கு நெருங்கிய உறவு ‘வருகிறேன்’ என்ற துணைவினை. ‘பத்து ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன்’ என்னும்போது அந்தச் செயல் அன்றிலிருந்து இன்றை நோக்கி நடந்து வருகிறது அல்லவா? தமிழில் ‘வருகிறேன்’ போட முடிகிற இடத்தில் பெரும்பாலும் ‘ஹேவ் பீன் – இங்’ பொருந்தும். உங்கள் ஆலை வாக்கியத்தை வைத்தே சோதித்துப் பாருங்கள்: ‘இந்த ஆலையைப் பத்து ஆண்டுகளாக அறிந்து வருகிறோம்’ என்பது தமிழ்க் காதுக்கே ஒட்டவில்லை. ஆனால் இதையும் வாய்பாடாக்கிவிடாதீர்கள்; ‘காத்திருந்து வருகிறோம்’ என்று நாம் சொல்வதில்லை, ஆங்கிலத்தில் அது வருகிறது.

சின்ஸ், ஃபார் இரண்டும் இல்லாமலே இவ்வடிவம் வருகிற ஓர் இடமும் உண்டு. காலையில் கதவைத் திறக்கிறோம், மழை நின்றுவிட்டது, வாசல் ஈரமாகக் கிடக்கிறது. நாம் ‘மழை பெய்திருக்கிறது’ என்போம். ஆங்கிலேயர் ‘இட் ஹேஸ் பீன் ரெய்னிங்’ என்பார். சிவந்த கண்ணோடு வரும் குழந்தையிடம் ‘அழுதிருக்கிறாயே’ என்பதற்கு ‘யூ ஹேவ் பீன் க்ரையிங்’. இங்கே செயல் நின்றுவிட்டது, அதன் தடம் மட்டும் கண்ணெதிரே இருக்கிறது.

நொய்யல்கரை

ஒரு மாற்றுக் கருத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2012’ என்று இந்தியா முழுவதும் எழுதுகிறார்கள், எல்லாருக்கும் புரிகிறது. புரிதலுக்குத் தடை இல்லாத ஒன்றைப் பிழை என்று சொல்லிக்கொண்டிருப்பது, இன்னொரு நாட்டாரின் செவிக்கு நாம் அடிபணிவது ஆகாதா?

கரும்பலகை

அந்த வாக்கியம் புரியும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். உள்ளூர்க் கடிதத்தில் இருந்தால் நான் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவேன். எல்லா வாக்கியங்களும் அப்படி அல்ல என்பதுதான் சிக்கல். ஊருக்கு வந்திருக்கும் பையரிடம், எப்போது வந்தீர்கள், எத்தனை நாளாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்க நினைத்து ‘ஹவ் லாங் ஆர் யூ ஹியர்?’ என்று கேட்டால், இன்னும் எத்தனை நாள் தங்கப்போகிறீர்கள் என்று அவர் எடுத்துக்கொள்வார். சில நேரம், எப்போது கிளம்புவீர்கள் என்று விரட்டுவதுபோலவும் ஒலிக்கும். ‘ஹவ் லாங் ஹேவ் யூ பீன் ஹியர்?’ என்றால்தான் நாம் நினைத்தது போய்ச் சேரும். இது அடிபணிதல் அன்று. சரக்கு சரியான முகவரிக்குப் போக வேண்டும் என்ற கவலை.

பின்னலாடை

இருவருக்கும் மிக்க நன்றி. ‘வருகிறோம்’ போட்டுப் பார்க்கும் சோதனை எனக்கு உடனே கைகொடுத்தது. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. வெள்ளிக்கிழமையிலிருந்து மின்னஞ்சல் வரவில்லை என்பதற்கு ‘ஹேவ் நாட் பீன் ரிசீவிங்’ என்பதா, ‘ஹேவ் நாட் ரிசீவ்டு’ என்பதா? மேலும் ‘தி ஃபேப்ரிக் ஹேஸ் பீன் டைடு’ என்பதிலும் ‘பீன்’ இருக்கிறதே, அது மட்டும் எப்படி முடிந்துவிட்ட வேலையைக் குறிக்கிறது?

கரும்பலகை

முதல் ஐயத்துக்கு இரண்டும் சரி, பொருள்தான் வேறு. கடிதமே வரவில்லை என்றால் ‘ஹேவ் நாட் ரிசீவ்டு எனி மெயில் சின்ஸ் ஃப்ரைடே’. அவர் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கிறார், ஒன்றும் நம்மிடம் வந்து சேருவதில்லை என்றால் ‘ஹேவ் நாட் பீன் ரிசீவிங் யுவர் மெயில்ஸ்’. பின்னதை எழுதினால் அவர் தம் கணினித் துறையைக் கூப்பிடுவார்.

இரண்டாவது ஐயம் நல்ல ஐயம். ‘பீன்’ என்பதன் பின்னால் ‘இங்’ வந்தால் எழுவாய் அந்தச் செயலைச் செய்கிறது. ‘டைடு’ போன்ற வடிவம் வந்தால் எழுவாய் அந்தச் செயலுக்கு ஆட்படுகிறது, அது செயப்பாட்டு வினை. துணி தானே சாயம் போடாது. அதற்குச் சாயம் போடப்பட்டிருக்கிறது. அவசரத்தில் ‘தி ஃபேப்ரிக் ஹேஸ் பீன் டையிங் சின்ஸ் மண்டே’ என்று தொலைபேசியில் சொல்லிவிடாதீர்கள். சாயமிடுவதும் சாவதும் ஆங்கிலத்தில் ஒரே ஒலி என்பதால், துணி திங்கட்கிழமையிலிருந்து உயிரை விட்டுக்கொண்டிருப்பதாகக் கேட்கும். சாயமிடும் வேலை இன்னும் நடக்கிறது என்றால், ‘ஹேஸ் பீன் பீயிங் டைடு’ என்று இலக்கணப்படி எழுதலாம். ஆனால் அப்படி யாரும் எழுதுவது அரிது. ‘தி ஃபேப்ரிக் ஹேஸ் பீன் அட் தி டையிங் யூனிட் சின்ஸ் மண்டே’ என்று சுற்றிக்கொண்டு போவதே பழகிய வழி.

பின்னலாடை

ஐயா, இன்று பையருக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: ‘வி ஹேவ் பேக்டு ஆல் 2,400 பீசஸ். தி கார்ட்டன்ஸ் ஹேவ் பீன் அட் தி போர்ட் சின்ஸ் டூ டேஸ்.’ இதில் ‘பீன்’ வந்தும் ‘இங்’ சேர்க்கவில்லை, சரிதானா?

கரும்பலகை

அது சரிதான். அங்கே ‘பீன்’ துணைவினை அன்று, ‘இருக்கின்றன’ என்னும் முதன்மை வினையே அதுதான். இருத்தல் நிலை என்பதால் ‘இங்’ வேண்டியதில்லை. ‘சின்ஸ் டூ டேஸ்’ என்பதை மட்டும் அனுப்புவதற்கு முன் ‘ஃபார் டூ டேஸ்’ என்று மாற்றிவிடுங்கள். ‘சின்ஸ்’ தொடங்கிய நாளைத்தான் கேட்கும், நாட்களின் எண்ணிக்கையை அன்று.