மறு: படியா, அடுக்கா, வரம்பா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கணக்குக்குப் பெயர் வேண்டும்

மண்டபம், திங்கள் இரவு

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். கடற்பாசி எடுக்கும் பெண்களுக்காக நாங்கள் நடத்தும் வங்கி வகுப்புக்கு இருபத்து நான்கு பக்கக் கையேடு ஒன்றைத் தமிழில் ஆக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். மற்றவை முடிந்துவிட்டன; இரண்டாம் பாடத்தின் தலைப்பில் நிற்கிறேன்.

பாடத்தின் செய்தி இதுதான்: ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கையில் உள்ள அடையாளச் சான்று எவ்வளவோ அவ்வளவுக்கே கணக்கில் இடம் உண்டு. சான்று எதுவும் இல்லாதவர், தாமே ஒப்பமிட்ட புகைப்படத்தைக் கொடுத்து, வங்கி அலுவலர் முன்னிலையில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துச் சிறுகணக்கு தொடங்கலாம். அதில் எந்த நேரத்திலும் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஓராண்டில் வரும் பணம் 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஒரு மாதத்தில் எடுப்பதும் அனுப்புவதும் சேர்ந்து 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. நேரில் போகாமல், ஆதார் எண்ணையும் செல்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யையும் கொண்டு தொடங்கும் கணக்குக்கு எல்லை சற்று மேலே: இருப்பு 1 லட்சம், நிதியாண்டின் வரவு 2 லட்சம். முழுச் சான்றும் கொடுத்துச் சரிபார்த்துவிட்டால் இந்த எல்லைகள் இல்லை. இம்மூன்றையும் சேர்த்து அழைக்க ஒரு சொல் வேண்டும்.

"படிநிலை வைப்புக் கணக்கு" என்று வரைவில் எழுதி, கடந்த வாரம் கரும்பலகையிலும் எழுதிக் காட்டினேன். முன்வரிசையில் இருவர் ஒருவரையொருவர் பார்த்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். என்னவென்று கேட்டதற்கு, வயதில் மூத்த ஒருவர்தான் வாய் திறந்தார்: "வைப்புக்கெல்லாமா டீச்சர் கணக்கு?" அதன்பின் அரைமணி நேரம் வகுப்பு என் கையில் இல்லை. பெரியவர்கள் உதவ வேண்டும்.

இராமநாதபுரம், செவ்வாய் காலை

அன்பு மகளுக்கு. சிரித்தவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் சிரிப்புக்கு அஞ்சி ஒரு நல்ல சொல்லைக் கைவிடுவதும் தகாது. "அற்றார் அழிபசி தீர்த்தல் அஃதொருவன் பெற்றான் பொருள்வைப் புழி" என்பது 226ஆம் குறள். வைப்பு, உழி என்று பிரித்தால், பொருளை வைக்கும் இடம் என்று பொருள்படும். உழி என்பது இடப்பொருளில் வரும் ஏழாம் வேற்றுமை உருபு என்பதை இக்குழுவில் விளக்க வேண்டியதில்லை. வங்கி என்னும் கடன்சொல் நுழைவதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே வள்ளுவர் வங்கிக்குப் பெயரிட்டுவிட்டார் என்றும், அந்த வங்கியில் பசித்தவன் வயிறே பெட்டகம் என்றும் நான் முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். வைப்புழி என்ற சொல்லையே வங்கிக்கு மீட்டெடுக்கலாம் என்பது என் நெடுநாள் விருப்பம். அதை வேறொரு நாள் விரித்து எழுதுகிறேன்.

மூன்று வகைக்கும் பெயர் தேடி வெளியே போவானேன்? கணக்கு என்ற சொல்லைக் கீழ், மேல் என்று பகுத்த மரபு நம்முடையது. பதினெண்கீழ்க்கணக்கு, பதினெண்மேற்கணக்கு இரண்டும் இருக்க, நடுவில் இடைக்கணக்கு ஒன்றைச் சேர்த்தால் வேலை முடிந்தது: கீழ்க்கணக்கு, இடைக்கணக்கு, மேற்கணக்கு.

தொண்டி, செவ்வாய் மாலை

ஐயா மன்னிக்க வேண்டும். முப்பத்தோராண்டு வங்கியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் கணக்கு கீழ்க்கணக்கு என்று ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டு, அது அடி குறைந்த பாடல்களின் தொகுதியைக் குறிக்கும் இலக்கிய வழக்கு என்று கவுண்டரில் நின்று எந்த எழுத்தரும் விளக்கப் போவதில்லை. பின்னால் வரிசை நிற்கும்.

இது வெறும் அச்சமன்று. 2005 நவம்பரில் ரிசர்வ் வங்கி, குறைந்தபட்ச இருப்பு இல்லாமலோ மிகச் சிறிய இருப்போடோ ஏழைகளுக்குக் கணக்கு திறக்கச் சொன்னபோது, அலங்காரமில்லாத கணக்கு என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்தது. அந்தப் பெயரே கணக்கு வைத்திருப்பவருக்கு இழுக்காகிவிட்டது என்று ஒப்புக்கொண்டு, 2012 ஆகஸ்டில் அதை நீக்கி, அடிப்படைச் சேமிப்பு வங்கி வைப்புக் கணக்கு என்று மாற்றியது. ஒரு மத்திய வங்கி பெயரால் வந்த அவமானத்தைப் போக்கச் சுற்றறிக்கை விட்டிருக்கும்போது, நாம் அதே தவற்றைத் தூய தமிழில் செய்ய வேண்டுமா?

மண்டபம் தங்கைக்குச் சில குறிப்புகள். அந்த அடிப்படைக் கணக்கை உங்கள் மூன்றில் ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள். அது சேவையைப் பற்றியது: குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை, பணம் போடுவதற்கு எல்லை இல்லை, மாதம் நான்கு முறையாவது கட்டணமின்றி எடுக்கலாம், ஏ.டி.எம். அட்டை உண்டு. நீங்கள் எழுதுவது சான்றைப் பற்றியது. சிறுகணக்குக்கு ஆயுள் 12 மாதம். அதற்குள் ஏதேனும் ஓர் அடையாள ஆவணத்துக்கு விண்ணப்பித்ததற்கு அத்தாட்சி காட்டினால் இன்னும் 12 மாதம். மாநில அரசு அலுவலர் ஒப்பமிட்ட நூறு நாள் வேலை அட்டையும் ஏற்கத்தக்க ஆவணந்தான் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். பலரிடம் அது பரணில் கிடக்கும்.

நைஜீரியாவின் மத்திய வங்கி 2013இல் மூன்றடுக்கு என்று வெளிப்படையாகப் பெயரிட்டே விதி வகுத்தது. நம் ரிசர்வ் வங்கி இம்மூன்றுக்கும் சேர்த்துப் பொதுப்பெயர் எதுவும் வைக்கவில்லை. ஆகவே நாம் மொழிபெயர்க்கவில்லை, பெயர் சூட்டுகிறோம். கூடுதல் கவனம் வேண்டும்.

மன்னார், செவ்வாய் இரவு

கடலுக்கு இப்பாலிருந்து ஒரு குறிப்பு. எங்கள் பக்கம் வைப்பு என்றால் யாரும் சிரிப்பதில்லை. நிலையான வைப்பு என்று வங்கிச் சுவரிலேயே எழுதியிருப்பார்கள். நீங்கள் நிரந்தர வைப்பு என்பதை நாங்கள் அப்படிச் சொல்கிறோம். அதனாலேயே படிநிலை, தரநிலை என்று நிலை சேர்ந்த எந்தச் சொல்லும் எங்களுக்கு எடுக்க முடியாத பணத்தை நினைவூட்டும். அடுக்கு என்பது என் பரிந்துரை. அடுக்குப் பானையை அறியாத பெண் இருகரையிலும் இல்லை.

சான்று இல்லாதவர் என்ற சொல் எனக்குப் புதிதன்று. கரை மாறி வந்து சில ஆண்டுகள் இருந்தவன். அதனால்தான் இந்த இழையை விடாமல் வாசிக்கிறேன்.

கீழக்கரை, புதன் அதிகாலை

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். காக்காமார் (அண்ணன்மார்) சண்டையில் தம்பி நுழைவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மண்டபம் பக்கம் கடலில் மூங்கில் மிதவை கட்டி வளர்க்கும் பாசிக்கு விஞ்ஞானிகள் வைத்த நீண்ட இலத்தீன் பெயர் ஒன்று உண்டு. 2000 வாக்கில் அந்த வளர்ப்பைப் பெப்சி நிறுவனம் இங்கே கொண்டுவந்ததால், மக்கள் அதைப் பெப்சிப் பாசி என்றார்கள். நிறுவனம் கையை விட்ட பிறகும் அந்தப் பெயர்தான் நிற்கிறது. கணக்குக்கும் மக்கள் ஏற்கெனவே ஜீரோ பேலன்ஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கையேட்டிலும் அப்படியே எழுதினால் என்ன குறைந்துவிடும்?

இன்னொன்று: சிறுகணக்கில் வெளிநாட்டுப் பணம் ஏறாது, முழு அடையாளம் நிறுவிய பிறகே ஏறும். சபுரில், அதாவது வெளிநாட்டில், இருக்கும் பிள்ளை அனுப்பும் பணத்துக்காகக் கணக்கு தொடங்குவோர் எங்கள் ஊரில் அதிகம். அதைக் கட்டம் கட்டிப் போடவும்.

தொண்டி, புதன் காலை

தம்பி, ஜீரோ பேலன்ஸ் என்பது நான் நேற்றுச் சொன்ன அடிப்படைக் கணக்கு. இது வேறு. மக்கள் வைத்த பெயர் என்பதற்காகத் தவறான கணக்குக்கு அதை ஒட்ட முடியாது.

சாயல்குடி, புதன் மாலை

ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் கற்பிப்பவன் நான். படிநிலை என்ற சொல்லை நான் பயன்படுத்துவது ஒரே இடத்தில்தான்: சாதியப் படிநிலை. இந்தக் கரையில் மீன் பிடிப்பவர், பாசி எடுப்பவர், பனை ஏறுபவர் பிள்ளைகளுக்கு அதை விளக்கும்போது வகுப்பு எவ்வளவு அமைதியாகிவிடும் என்பது எனக்குத் தெரியும். ஒருவருடைய சேமிப்புக்கு அந்தச் சொல்லைத் தலைப்பாக்க என் மனம் ஒப்பவில்லை. படியை மட்டும் எடுத்துக்கொண்டாலும், படிக்கணக்கு என்றால் எங்கள் ஊரில் நெல் அளக்கும் கணக்கு. அடுக்கில் மேல்பானை, அடிப்பானை வந்துவிடுகிறது. அடிப்பானையில் இருப்பவர் யார் என்ற கேள்வி உடனே எழும்.

இந்த விதியில் உயர்வது ஆளன்று. சான்று உயர்கிறது, அதற்கேற்ப எல்லை உயர்கிறது. கணக்குக்கு உரியவர் அதே ஆள்தான். எங்கள் கண்மாய்ப் பாசன ஊர்களில் இதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. வரப்பு எவ்வளவோ அவ்வளவுதான் வயலில் தண்ணீர் நிற்கும். கூடுதல் வேண்டுமென்றால் மண்வெட்டியை எடுத்து வரப்பை உயர்த்த வேண்டும். வரப்பு தாழ்ந்திருப்பதால் வயலை யாரும் இழிவாகப் பேசுவதில்லை. ஆகவே வரப்புக் கணக்கு.

இராமநாதபுரம், புதன் நள்ளிரவு

சாயல்குடியாருக்கு வாழ்த்து. வரப்புயர நீருயரும் என்ற ஔவை வாக்கு இருக்க, நான் கீழ்க்கணக்கைத் தேடிப் போனேனே என்று வெட்கப்படுகிறேன். ஆனால் வரப்பு வேண்டா, வரம்பு என்றே கொள்வோம். இரண்டும் ஒன்றே: இரும்பு இருப்புப்பாதையில் இருப்பு ஆவதுபோல, மென்றொடர் வன்றொடராகத் திரியும். இதில் பழையது வரம்பு. கம்பர் நாட்டுப் படலத்தில் "வரம்பெலாம் முத்தம், தத்தும் மடையெலாம் பணிலம்" என்று கோசலத்தைப் பாடும்போது வரம்பு என்றது வயல்வரப்பையே. பணிலம் என்றால் சங்கு. முத்தும் சங்கும் சரயு நதிக்கரையில் எப்படி வந்தன? கீழக்கரையிலும் தேவிபட்டினத்திலும் குளித்தெடுத்தவற்றைக் கேட்டறிந்த தமிழ்ப் புலவன், கோசலத்து வயலில் நம் கடலைக் கொண்டுபோய்க் கொட்டினான் என்பது என் துணிபு. இதற்கு இன்னும் நான்கு சான்றுகள் உள. ஆனால் மகளுக்கு வெள்ளிக்கிழமை கெடு இருப்பதால் நிறுத்துகிறேன்.

வரம்பு என்பதற்கு வயல்வரப்பு, எல்லை என்ற இரு பொருளும் இருப்பதால், உழவனுக்கும் வங்கியாளனுக்கும் ஒரே சொல் போதும். வரம்புக் கணக்கு. வைப்பை இழப்பதில் எனக்கு வருத்தமே. சேமிப்பு என்று போட்டுக்கொள்ளுங்கள்.

தொண்டி, வியாழன் காலை

சொல் அழகாக இருக்கிறது, உண்மையாக இல்லை. மூன்றாம் வகைக்கு எல்லையே கிடையாது. எல்லையில்லாத ஒன்றையும் உள்ளடக்கி வரம்புக் கணக்கு என்பது, குளத்தையும் கடலையும் சேர்த்துக் குளம் என்பதைப் போன்றது. மேலும் சிறுகணக்கிலேயே, அரசு மானியமோ நலத்திட்டத் தொகையோ வந்து சேரும்போது அந்த 50,000 எல்லையைப் பார்க்க வேண்டாம் என்று விதி விலக்களிக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் 61 நாளுக்கும் வரும் நிவாரணத்தை எதிர்பார்த்திருக்கும் வீட்டில், வரம்பு என்ற சொல் வீண் அச்சத்தை உண்டாக்கும். அடுக்கு என்பது இரு குறையும் இல்லாதது. நான் மன்னாரோடு நிற்கிறேன்.

சாயல்குடி, வியாழன் நண்பகல்

கண்மாய்க்கும் கலுங்கு உண்டு. நிறைந்தபின் மிகுதி அதன் வழியே போகும். அதனால் கண்மாய்க்குக் கரையே இல்லை என்று எவரும் சொல்வதில்லை.

தொண்டி, வியாழன் நண்பகல்

கலுங்கில் போன தண்ணீர் திரும்பி வராது. நிவாரணப் பணம் கணக்கிலேயே நிற்கும். உவமை உங்களுக்கு எதிராகவே போகிறது.

மண்டபம், வியாழன் இரவு

எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை, வேலை முடிந்து வந்த ஏழு பேரிடம் இரண்டு சொற்களையும் அட்டையில் எழுதிக் காட்டினேன். அடுக்கு என்றதும் ஒருவர், மாடி வீட்டுக்காரர்களுக்கான கணக்கா என்று கேட்டார். வரம்பு என்றதும் கேள்வி வரவில்லை. ஆனால் வரம்பு மீறினால் போலீஸ் வருமா என்று பிறகு ஒருவர் கேட்டார். தொண்டி அண்ணன் சொன்னது முற்றிலும் தவறில்லை என்று அப்போது உணர்ந்தேன்.

அந்த ஏழு பேரில் நால்வரின் விரல்களில் துணி சுற்றியிருந்தது. பாறையில் பாசி பிடுங்கும்போது கீறாமலிருக்கக் கட்டுவது. கழற்ற மறந்து வந்திருந்தார்கள். அவிழ்த்துக் காட்டிய கட்டைவிரலில் ரேகை பாதி இல்லை. ரேகைக் கருவி தன்னை ஏற்க மறுக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர், காகிதத்தில் மைதொட்டு வைக்கும் கைநாட்டே சிறுகணக்குக்குப் போதும் என்றபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குச் சொல் எதுவாயினும் கவலையில்லை.

முடிவு இது. பாடத்தின் தலைப்பு: "சான்று உயர வரம்பு உயரும்". உள்ளே சிறுகணக்கு, ஓ.டி.பி. கணக்கு, முழுச் சான்றுக் கணக்கு என்று தனித்தனியே; பொதுப்பெயர் தேவைப்படும் மூன்று இடங்களில் மட்டும் வரம்புக் கணக்கு. அரசு நிவாரணம், வெளிநாட்டுப் பணம், நூறு நாள் அட்டை மூன்றும் கட்டத்துக்குள்.

இராமநாதபுரம், வெள்ளி காலை

மெய்ப்பு பார்த்தேன். ஏழாம் பக்கத்தில் "வரம்பு கணக்கு" என்று ஒற்று விடுபட்டிருக்கிறது. பத்தாம் பக்கத்தில் "சிறுக்கணக்கு" என்று வேண்டாத ஒற்று வந்திருக்கிறது. சிறுகதை போலச் சிறுகணக்கு என்றே எழுதுக. விரைவில் திருத்துக.

மன்னார், வெள்ளி காலை

எங்கள் கூட்டுறவுச் சங்கத்துக்கான குறிப்பில் நான் அடுக்கு என்றே எழுதப்போகிறேன். ஒரே கடலுக்கு இரண்டு பெயர் இருப்பது நமக்குப் புதிதா?

தொண்டி, வெள்ளி நண்பகல்

குழுவின் சொற்பட்டியலில் ஏற்றும்போது, வரம்புக் கணக்கு என்பதன் எதிரே ஒருவர் உடன்படவில்லை என்று எழுதிவிடுங்கள். காரணம் கேட்டால் மூன்றாம் வகை என்று மட்டும் போதும். இரண்டாம் பதிப்பு எப்போது?