எண்ணெய்வயல் கழிவுநீர்: பாக்டீரியா செய்வது சிதைவா, சிதைப்பா, மக்கலா?

நண்பர்களே, முதுகலை வேதியியல் பாடக்குறிப்பு நாளை காலை அச்சுக்குப் போகிறது, நான் சீனாவின் தாச்சிங் எண்ணெய்வயல் பற்றிய பகுதியில் ஒரு சொல்லுக்காக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். 1996 முதல் அங்கே பாலிஅக்ரிலமைடு என்ற பாலிமரை (நீண்ட சங்கிலி மூலக்கூறு) கரைத்த நீரைப் பெரிய அளவில் பாறைக்குள் செலுத்தி எண்ணெயைத் தள்ளி எடுக்கிறார்கள். அந்தப் பாலிமர் எண்ணெயோடு மேலே வந்து, கழிவுநீர் கொழகொழவென்று ஆகி, எண்ணெய்த் துளிகள் பிரியவே மாட்டேன் என்கின்றன. அதைப் பாக்டீரியா சிதைப்பதற்கு 'உயிரிச்சிதைவு' எனப் போடலாமா?

> உயிரிச்சிதைவு

எப்படி விரிப்பீர்கள்? உயிரியது சிதைவு என்றால் பிணம் அழுகுவது. 'உயிரியால் ஆகும் சிதைவு' எனலாம்தான், ஆனால் 'ஆல்' உருபும் 'ஆகும்' என்ற சொல்லும் மறைந்து நிற்கும், உருபும் பயனும் உடன்தொக்க தொகையை மாணவன் தலையில் கட்டுவானேன்? தவிர, சிதைவு தன்வினை. பாக்டீரியா சிதைக்கிறது அல்லவா, ஆகவே 'நுண்ணுயிர்ச்சிதைப்பு'. 'பலபடி' இருக்கப் பாலிமர் எதற்கு?

> பலபடி

இலங்கையில் எங்கட பள்ளிப் புத்தகத்தில் அது பல்பகுதியம். பாக்டீரியாவும் பற்றீரியா. ஐயா, எந்தப் பிள்ளைக்கு எழுதுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கோ.

குப்பைத்தொட்டியிலேயே 'மக்கும் குப்பை' என்று எழுதியிருக்கிறது, 'மக்கல்' போதாதா? மக்கல் என்பது மட்குதல்தான், அதற்கு ஒளி மழுங்குதல் என்றும் பொருள் உண்டு. அறிவு மழுங்கிய மக்குப் பையனும் அங்கிருந்தே வந்தான் என்பது என் துணிபு. இதைத் தனி இழையில் விரிக்கிறேன்.

விரிக்க வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். மக்கல் வேதியியலுக்கே ஒத்துவராது. மூலக்கூறு எடை கோடியைத் தாண்டும் சங்கிலி அது. பாக்டீரியாவின் அமிடேஸ் நொதி பக்கவாட்டில் தொங்கும் நைட்ரஜன் கொண்ட அமைடு தொகுதியைத்தான் எளிதில் நீராற்பகுக்கிறது (நீர் சேர்த்துப் பிளக்கிறது), வெளிவரும் அம்மோனியாவை நைட்ரஜனுக்காகத் தின்கிறது. கார்பன் முதுகெலும்பு லேசில் உடையாது. அது துண்டானால்தான் கொழகொழப்பு விடும். துண்டுகளும் கரியமில வாயுவாகவும் நீராகவும் போய் முடிந்தால் மக்கியது என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆகவே ஒரு சொல் போதாது: பக்கத்தொகுதியைப் பிளக்கும் முதலாவது 'அமைடு நீக்கம்', முதுகெலும்பைத் துண்டாக்கும் இரண்டாவது 'தொடரறுப்பு'.

சரி, தலைப்பில் நுண்ணுயிர்ச்சிதைப்பு, உள்ளே அமைடு நீக்கமும் தொடரறுப்பும். பாலிமர் பாலிமராகவே இருக்கட்டும், மாணவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். கோப்பை அனுப்பிவிட்டேன்.

அனுப்பியது அனுப்பியதுதான், ஆனாலும் பலபடியைக் கைவிட்டதில் எனக்கு உடன்பாடில்லை. அப்புறம் 'தொடரறுப்பு' என்றால் இலக்கணம் படித்தவன் வாக்கியத்தை வெட்டுவதாக நினைப்பான், சங்கிலியறுப்பு என்று மாற்ற இன்னும் நேரம் இருக்கிறதா?