ஒரே ரைஃபிளில் செம்புக் குண்டும் ஈயக் குண்டும்: இரண்டும் ஒரேபோல அடிக்குமா?

சான்ஹொசே_வேடன்

வணக்கம். என்னிடம் இருப்பது .30-06 தோட்டாவைச் சுடும் ஒரு ரைஃபிள். குழல் 22 அங்குலம், ட்விஸ்ட் 1:10, அதாவது குழலின் உள் வரிகள் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 2019 ஜூலை 1 முதல் கலிபோர்னியா முழுக்க, துப்பாக்கியால் எந்த விலங்கை வேட்டையாடவும் ஈயக் குண்டு கூடாது. அதனால் இங்கே காட்டுப்பன்றிக்கும் மானுக்கும் பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ் 168 கிரெய்ன் (குண்டின் எடை), முழுச் செம்பு. கொலராடோவுக்கு எல்க் (பெரிய மான்) வேட்டைக்குப் போகும்போது அந்தத் தடை இல்லை, அங்கே ஈயக் கருவுள்ள நோஸ்லர் பார்ட்டிஷன் 180.

இரண்டு தோட்டாவையும் வீட்டில் நானேதான் நிரப்புகிறேன். பார்ட்டிஷன் 100 கெஜத்தில் மூன்று குண்டும் ஒரு அங்குலத்தை ஒட்டி விழுகிறது. டிடிஎஸ்எக்ஸ் இரண்டு அங்குலத்தைத் தாண்டிச் சிதறுகிறது. பவுடர் வகை, அதைப் பற்றவைக்கும் பிரைமர், பித்தளைக் கூடு எல்லாம் ஒன்றுதான். பவுடர் எடை மட்டும் அந்தந்தக் குண்டுக்கான கையேட்டின்படி. தோட்டாவின் மொத்த நீளம் இரண்டுக்கும் 3.34 அங்குலம்.

என் ரைஃபிளுக்குச் செம்பு ஒத்துவரவில்லை என்று விட்டுவிடுவதா, இல்லை இதைச் சரிசெய்ய முடியுமா? இரண்டு குண்டையும் நம்பி எடுத்துப் போக வேண்டும் என்பதுதான் என் ஆசை.

குழல்_பித்தன்

முடியும். ஆனால் நீங்கள் எழுதியதிலேயே சிக்கல் தெரிகிறது: இரண்டுக்கும் ஒரே மொத்த நீளம்.

மொத்த நீளம் என்பது குண்டின் நுனியிலிருந்து பித்தளையின் அடிவரை உள்ள அளவு. மேகசினுக்குள் தோட்டா அடங்குமா என்று பார்க்க மட்டுமே அது உதவும். 3.34 என்பது .30-06க்கான அதிகபட்ச நீளம், அவ்வளவுதான். குழலுக்குள் குண்டு முதலில் தொடுவது நுனியால் அல்ல, வளைவு முடிந்து உடல் தடிக்கும் இடத்தால். அந்த இடம் ஒவ்வொரு குண்டிலும் வேறு. பார்ட்டிஷனின் நுனி வெறும் ஈயம், பெட்டிக்குள்ளேயே நசுங்கி ஒன்றுக்கொன்று நீளம் மாறும். டிடிஎஸ்எக்ஸுக்குப் பிளாஸ்டிக் நுனி. இரண்டையும் நுனியில் அளந்து ஒரே நீளத்தில் உட்காரவைத்தால், லேண்டை (குழலின் உள் வரிகளுக்கு இடையிலான மேட்டை) தொடுவதற்கு முன் இரண்டும் தாவும் தூரம் ஒன்றாக இருக்காது.

கம்பேரேட்டர் என்ற அளவுகருவி ஒன்று வாங்கி வளைவிலிருந்து அளங்கள். உங்கள் குழலில் டிடிஎஸ்எக்ஸ் லேண்டைத் தொடும் நீளத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து 0.050 அங்குலம் பின்னால் தள்ளித் தொடங்குங்கள். பார்ன்ஸ் நிறுவனமே அந்த அளவில் தொடங்கச் சொல்கிறது. அங்கிருந்து 0.020, 0.020 ஆகப் பின்னால் போய்ப் பாருங்கள். குண்டு பித்தளைக்குள் உட்காரும் ஆழத்தை மாற்றினால் பவுடரையும் தொடக்க அளவுக்கு இறக்கி மறுபடி ஏறிவர வேண்டும். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் மாறும். போல்ட் திறக்க இறுகினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சராசரி

நீளத்தை வளைவில் அளக்க வேண்டும் என்பதில் மறுப்பே இல்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. டிடிஎஸ்எக்ஸ் உண்மையிலேயே மோசமாகச் சுடுகிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? மூன்று குண்டை வைத்தா?

ஒரு ரைஃபிளும் ஒரு லோடும் (குண்டு, பவுடர், ஆழம் எல்லாம் சேர்ந்த தோட்டா) கொஞ்சமும் மாறாமல் இருந்து, அதன் மூன்று குண்டுக் குரூப்புகளின், அதாவது தாளில் ஓட்டைகள் சிதறும் அகலத்தின், சராசரி ஒரு அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே லோடில் தனித்தனிக் குரூப்புகள் அரை அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலம் வரை சாதாரணமாக வந்துபோகும். யாரும் எதையும் மாற்றியிருக்க மாட்டார்கள். காசை மூன்று முறை சுண்டி மூன்றும் பூ விழுந்தால் காசு கோணல் என்று முடிவு கட்டுவோமா?

அதே லோடில் ஐந்து குண்டு சுட்டால் சராசரி சுமார் 1.27 அங்குலம் வரும். பத்து குண்டு சுட்டால் சுமார் 1.58. ரைஃபிள் கெட்டுப்போகவில்லை, அதன் உண்மையான சிதறல் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

அதனால் 0.020 ஆகப் பின்னால் போவது, ஒவ்வொரு ஆழத்திலும் மூன்று சுடுவது, சிறிய குரூப்பைப் பிடித்துக்கொண்டு ‘இதுதான் இந்தக் குழலுக்குப் பிடித்த இடம்’ என்பது, இதெல்லாம் எனக்கு ஒப்பாது. அந்தச் சிறிய குரூப் அடுத்த வாரம் திரும்ப வராது. அப்புறம் இன்னொரு பவுடர், இன்னொரு பிரைமர். கடைசியில் குழல் தேயும், வேட்டைக் காலம் முடியும்.

குழல்_பித்தன்

கணக்கு சரி. ஆனால் அதிலிருந்து ஆழமே முக்கியமில்லை என்ற முடிவுக்குப் போவது தவறு.

பெர்கர் நிறுவனத்தின் விஎல்டி என்ற நீண்ட தூரக் குண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் அவற்றை லேண்டில் தொடவைத்தால்தான் சுடும் என்பார்கள். பிறகு பெர்கர் நிறுவனமே லேண்டை ஒட்டிய இடத்திலிருந்து 0.120 அங்குலத்துக்கும் மேலான தாவல் வரை பெரிய படிகளாகச் சோதித்துப் பார்க்கச் சொன்னது. ஒரு குழலில் ஓரிடத்திலும் இன்னொரு குழலில் வேறிடத்திலும் அது நன்றாகச் சுடும். இது மூன்று குண்டு மாயை இல்லை, நீண்ட தூரப் போட்டிக்காரர்கள் குண்டு குண்டாகச் சுட்டுச் சரிபார்த்த விஷயம்.

செம்பு இன்னும் வேறு ரகம். ஈயத்தின் அடர்த்தி 11.34, செம்பு 8.96. அதனால் 168 கிரெய்ன் டிடிஎஸ்எக்ஸ், தன்னைவிடக் கனமான 180 பார்ட்டிஷனைவிட நீளம். பித்தளைக்குள் அதிக இடம் பிடிக்கும். உடலும் கெட்டி, லேண்டுக்குள் நுழையும்போது ஈயக் கருவுள்ள குண்டு போல இளகிக்கொடுக்காது. உடலில் பள்ளங்கள் வெட்டியிருப்பதே அந்த உராய்வையும் அழுத்தத்தையும் குறைக்கத்தான். பார்ட்டிஷனுக்குச் சரியான எல்லாமே இதற்கும் சரி என்று எதிர்பார்க்க முடியாது.

பத்து குண்டு விஷயத்துக்கும் வருகிறேன். மெல்லிய வேட்டைக் குழலில் பத்தைத் தொடர்ந்து சுட்டால் பாதியிலேயே குழல் கொதிக்கும். அப்போது அளப்பது லோடையா, சூட்டையா? காட்டில் நமக்கு வேண்டியது குளிர்ந்த குழலிலிருந்து வரும் முதல் குண்டு.

மெல்பன்_மிளா

அண்ணைமார் இருவரும் நல்லா எழுதுறியள். ஆனால் இரண்டு சன்னம் (குண்டு) எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லையே.

நான் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் மிளா (கடமான்) வேட்டைக்குப் போகிறவன். எங்கட ஊர்க் காடுகளில் இருக்கிற அதே மிளாதான், 1860களில் இங்கே கொண்டுவந்து விட்டது. பெரிய விலங்கு. அதைச் சுட .270 காலிபரும் 130 கிரெய்ன் சன்னமும் குறைந்தபட்சம் வேண்டும் என்பது இங்கத்தைய சட்டம். என் துவக்கில் ஒரே ஒரு செம்புச் சன்னம்தான். சின்ன மானுக்கும் அதுதான், மிளாவுக்கும் அதுதான்.

ஸ்கோப் ஒரு சன்னத்துக்குத்தான் சீரோ ஆகும், அதாவது குறியும் சன்னம் விழுகிற இடமும் ஒன்றாகும். 168க்குச் சீரோ வைத்துவிட்டு 180 சுட்டால், இரண்டுமே தனித்தனியாக அழகான குரூப் போட்டாலும் விழுகிற இடம் வேறு. மேலே கீழே மட்டுமில்லை, பக்கவாட்டிலும் நகரும். விடிய முன்னம் இருட்டுக்குள் பையில் எந்தத் தோட்டா இருக்கிறது என்று தடவிப் பார்க்கிற நிலைமை யாருக்கும் வேண்டாம். கலிபோர்னியாவில் செம்பு கட்டாயம் என்றால் கொலராடோவுக்கும் அதையே கொண்டுபோங்கோ. எல்க்கை விழுத்தாத சன்னமா அது?

சான்ஹொசே_வேடன்

செம்பு எல்க்கை விழுத்தும், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் பார்ட்டிஷனை விட எனக்கு மனம் வரவில்லை, அதற்குக் காரணம் உண்டு.

1946இல் ஜான் நோஸ்லர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸை (மிகப் பெரிய மான் இனம்) சுட்டபோது குண்டு சேறு படிந்த தோலிலேயே உடைந்து உள்ளே போகவில்லை. அதற்கு விடையாகத்தான் அவர் நடுவில் சுவர் வைத்த குண்டைச் செய்தார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும். அதன் பலம், தூரத்தில் வேகம் குறைந்த பிறகும் முன்னாலுள்ள மெல்லிய ஈயம் விரிந்துவிடும் என்பது. பல செம்புக் குண்டுகளை வினாடிக்கு 2000 அடிக்குக் கீழே நம்ப எனக்குத் தயக்கம். கொலராடோவின் திறந்த சரிவுகளில் தூரம் கூடும். அதனால்தான் இரண்டு.

சராசரி

வேகத்தைப் பற்றி நீங்கள் சொல்வது நியாயமான கவலை. அதற்கு விடையும் இருக்கிறது: செம்புக்குப் போனால் எடையைக் குறையுங்கள். 168க்குப் பதில் 150 அல்லது 130 எடுத்தால் கிளம்பும் வேகம் கூடும், குண்டு நீளமும் குறையும். செம்பு உடைவதில்லை, எடையைக் கொட்டுவதில்லை. ஈயத்தில் 180 செய்யும் வேலையை அது 150லேயே செய்யும். 1:10 ட்விஸ்டில் 168 தடுமாறாது என்பது உண்மை. 1:12 குழல் வைத்திருக்கும் .308காரர்கள்தான் நீளத்தை யோசித்துப் பார்க்க வேண்டும்.

குழல்_பித்தன் கேட்ட சூட்டுக் கேள்விக்கு: பத்தையும் ஒரே மூச்சில் சுடச் சொல்லவில்லை. ஒரு நாள் குளிர்ந்த குழலில் மூன்று, ஆறவிட்டு இன்னும் இரண்டு. வேறொரு நாள் மறுபடி. எப்போதும் ஒரே இலக்குப் புள்ளி, ஸ்கோப்பைத் தொடக்கூடாது. எல்லா இலக்குத் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓட்டைகளை ஒரே தாளுக்கு மாற்றிக் குறியுங்கள். அதுதான் உங்கள் பத்து குண்டுக் குரூப். காட்டில் நடக்கப்போவதும் அதுதான்.

அந்தக் குரூப் இரண்டு அங்குலம் வந்தாலும் எனக்கு வருத்தமில்லை. மானின் நெஞ்சுக்கூட்டில் உயிர்நிலை சுமார் எட்டு அங்குலம். 300 கெஜத்தில் அந்த லோடு ஆறு அங்குலத்துக்குள் இருக்கும். எல்க்குக்கு இடம் இன்னும் பெரிது. மூன்று குண்டு அரை அங்குலக் குரூப்பின் படத்தைப் போட்டு ‘இதுதான் என் ரைஃபிள்’ என்று எழுதுகிறவர்கள், அந்த வேட்டைக்காரருக்கும் விலங்குக்கும் செய்வது நல்லதல்ல. அடிபட்டு ஓடும் மானைத் தேடி இரவெல்லாம் அலைய வேண்டியவர் அதை நம்பித் தூரத்தில் சுட்டவர்தான்.

குழல்_பித்தன்

ஆறு அங்குலம் என்பது பெஞ்சில் மணல்பை மேல் வைத்துச் சுடும்போது. மூச்சு வாங்க மலை ஏறி, குச்சியில் சாய்ந்து, காற்றில் சுடும்போது மனிதனின் சிதறலும் அதோடு சேர்கிறது. ரைஃபிள் எவ்வளவு குறைவாகச் சிதறுகிறதோ, நம் கைக்கு அவ்வளவு இடம் மிச்சம். இரண்டு அங்குலத்தோடு திருப்திப்படச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். முக்கால் மணிநேரம் உட்கார்ந்து ஆழத்தைச் சரிசெய்தால் குறையக்கூடியதை ஏன் விட வேண்டும்?

இன்னொன்று. சான்ஹொசே அண்ணா, பார்ட்டிஷனைச் சுட்டுவிட்டு அப்படியே டிடிஎஸ்எக்ஸுக்கு மாறினீர்களா? பார்ட்டிஷனின் உறை கில்டிங் மெட்டல், அதாவது செம்பில் கொஞ்சம் துத்தநாகம் கலந்தது. அதன் படிவு இருக்கும் குழலில் சுத்தச் செம்பைச் சுடும்போது முதல் சில குண்டுகள் அலைவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். செம்பு கரைக்கும் திரவம் போட்டு வெள்ளைத் துணி நீலமாக வருவது நிற்கும்வரை துடையுங்கள். பிறகு டிடிஎஸ்எக்ஸால் சில குண்டு சுட்டுக் குழலைப் பழக்கி, அதன்பின் குரூப்பை எண்ணுங்கள். திரும்பப் பார்ட்டிஷனுக்குப் போகும்போதும் இதேதான்.

சராசரி

படிவு விஷயத்தில் உடன்படுகிறேன். குறைந்தது சோதனையைச் சுத்தமாக்கும், செலவும் இல்லை. ஆழத்தைச் சோதிப்பதானாலும் இரண்டே இடம்: 0.050, 0.100. ஒவ்வொன்றிலும் பத்து. வித்தியாசம் பெரிதாக இருந்தால் அது உண்மை, எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டிலும் சுடவில்லையென்றால் குண்டை மாற்றுங்கள். நோஸ்லர் இ-டிப் இருக்கிறது, ஹார்னடி சிஎக்ஸ் இருக்கிறது. பிடிக்காத குண்டோடு மல்லுக்கட்டுவதைவிட வேறொன்றை வாங்குவது மலிவு. குழல்_பித்தனும் நானும் பிரிவது இந்த இடத்தில்தான்: அவர் குண்டைக் குழலுக்குப் பழக்கப் பார்க்கிறார், நான் குழலுக்கு ஏற்ற குண்டைத் தேடுகிறேன்.

குழல்_பித்தன்

இரண்டு இடம் போதாது, குறைந்தது நான்கு இடம் இருக்கட்டும். 0.050, 0.080, 0.110, 0.140. இடையில் இருக்கும் நல்ல இடத்தைத் தாண்டிப் போய்விட வாய்ப்பிருக்கிறது. பத்தாகச் சுடுவதை மட்டும் ஏற்கிறேன்.

மெல்பன்_மிளா

நான் சொன்னதுக்கு இன்னும் பதில் வரேல்லை. இரண்டும் நல்லாச் சுட்டாலும் சீரோ ஒன்றுதானே?

சான்ஹொசே_வேடன்

வருகிறேன். சீரோவை டிடிஎஸ்எக்ஸுக்கு வைப்பேன், வருடம் முழுக்கச் சுடுவது அதைத்தான். பார்ட்டிஷன் எத்தனை கிளிக் தள்ளி விழுகிறது என்று குறித்துவைத்து, கொலராடோ போவதற்கு முன் ஸ்கோப்பைத் திருப்பி ரேஞ்சில் சரிபார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். என் ஸ்கோப்பில் நாலு கிளிக் 100 கெஜத்தில் ஏறக்குறைய ஒரு அங்குலம். ஒரு பயணத்தில் ஒரு தோட்டா மட்டுமே பையில் இருக்கும். மற்றது வீட்டுப் பூட்டில்.

எடையைக் குறைக்கச் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். 150 டிடிஎஸ்எக்ஸ் ஒரு பெட்டி வாங்கி, குழலைத் துடைத்து, வளைவில் அளந்து 0.050இலும் 0.100இலும் தொடங்குகிறேன். குழல்_பித்தன் சொன்ன நடு இடங்கள் அந்த இரண்டும் ஏமாற்றினால் மட்டும்.

மெல்பன்_மிளா

ஒரு பயணத்துக்கு ஒரு சன்னம் என்றால் எனக்கு ஆட்சேபனை இல்லை, அண்ணை. ஆனால் ஊருக்குத் திரும்பி வந்ததும் கிளிக்கைத் திருப்பி வைத்துவிட்டு ரேஞ்சில் ஒருக்கால் சுட்டுப் பாருங்கோ. சின்ன ஸ்கோப்புகளில் திருப்பினது எப்பவும் சரியாகத் திரும்பி வராது.

குழல்_பித்தன்

150க்கு லேண்டைத் தொடும் அளவை மறுபடி எடுக்க வேண்டும். 168க்கு எடுத்த அளவு அதற்குப் பொருந்தாது.