ஸ்டாஃப் கத்துற வீடியோ வைரல் ஆயிடுச்சு, கமெண்ட்டை டெலீட் பண்ணச் சொல்றாங்க. முதல்ல என்ன செய்யணும்?

கடல்காகம்:
ஒரு நடுத்தர கம்பெனியில சோஷியல் மீடியா பாத்துக்கிறேன். எங்க ஸ்டாஃப் ஒருத்தர் வயசான கஸ்டமரைக் கத்தி வெளிய அனுப்புற வீடியோவை யாரோ நேத்து ராத்திரி போட்டுட்டாங்க, விடியுறதுக்குள்ள எல்லா பேஜ்லயும் அதுதான் ஓடுது. ரொம்பச் சின்ன வீடியோ, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு அதுல இல்ல. எம்டி கமெண்ட் எல்லாத்தையும் டெலீட் பண்ணு, போட்டவருக்கு வக்கீல் நோட்டீஸ் விடுங்கறாரு. லீகல் டீம் வாயே திறக்காதீங்கன்னு சொல்லுது. ஹெச்ஆர் விசாரணை முடிய ரெண்டு மூணு நாள் ஆகுமாம். அதுவரைக்கும் சும்மா இருக்கிறது எனக்குச் சரியாப் படல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பழையமேசை:
முதல் வேலை, ஷெட்யூல் பண்ணி வச்சிருக்கிற போஸ்ட், விளம்பரம் எல்லாத்தையும் உடனே நிறுத்துங்க. ஜனங்க கொதிச்சுட்டு இருக்கும்போது உங்க பேஜ்ல ஆஃபர் போஸ்ட் தானா வந்து விழுந்தா அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டுடுவாங்க. அடுத்தது அக்கவுண்ட் பாஸ்வேர்டு யார் யார்கிட்ட இருக்குன்னு பாருங்க. 2013ல பிரிட்டன்ல ஹெச்எம்விங்கிற மியூசிக் கடைக்காரங்க ஆட்குறைப்பு பண்ணப்போ, வேலை போறவங்களே கம்பெனி ட்விட்டர்ல நடக்கிறதை லைவா எழுதினாங்க.

டெலீட் மட்டும் வேண்டவே வேண்டாம். கெட்ட வார்த்தை, மிரட்டல், யாரோட போன் நம்பர், அட்ரஸ் இருந்தா எடுங்க, அது நியாயம். கோபமா கேக்குறவங்களை அழிச்சா அதுவே தனி நியூஸ் ஆயிடும். 2003ல அமெரிக்கப் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் தன் வீடு தெரியுற ஒரு போட்டோவுக்காக 5 கோடி டாலர் கேட்டு கேஸ் போட்டாங்க. அதுக்கு முன்னாடி அந்த போட்டோ டவுன்லோட் ஆனதே 6 தடவைதான், அதுலயும் 2 அவங்க வக்கீல்கள் எடுத்தது. கேஸ் செய்தி வெளிய வந்ததும் ஒரே மாசத்துல 4 லட்சம் பேருக்கு மேல அந்த சைட்டுக்குப் போனாங்க. இதை அப்படியே எம்டிகிட்ட சொல்லுங்க.

நாலாவதுமாடி:
வக்கீலா ஒண்ணு சொல்லிக்கிறேன், லீகல் டீமைத் திட்டாதீங்க. அவங்க பயப்படுறது விசாரணை முடியுறதுக்கு முன்னாடியே காரணத்தையும் பொறுப்பையும் எழுத்துல குடுத்துடுவீங்களோன்னுதான். வீடியோவுல கண்ணுக்குத் தெரியுறதைத் தப்புன்னு சொல்றது வேற, தெரியாததைப் பத்தித் தீர்ப்பு சொல்றது வேற. அந்த ஸ்டாஃப் பேரை எங்கயும் போடாதீங்க, கூட்டத்தைச் சமாதானப்படுத்த அவசரமா வேலையை விட்டுத் தூக்காதீங்க, அவரும் ஒரு மனுஷன், இப்ப அவர் குடும்பத்தையே தேடித் திட்டிட்டு இருப்பாங்க. முக்கியமா, போஸ்ட் போடுறதுக்கு முன்னாடி அந்தக் கஸ்டமருக்குப் பெரிய பொறுப்புல இருக்கிற ஒருத்தர் போன் பண்ணணும். ஊருக்கெல்லாம் மன்னிப்பு கேட்டுட்டு அவரை மறந்த கம்பெனி நிறைய.

தறிச்சத்தம்:
மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா ரெண்டு மூணு நாள் காத்திருக்கவே முடியாது. 2009ல டாமினோஸ் ஊழியர் ரெண்டு பேர் சாப்பாட்டை அசிங்கம் பண்ற வீடியோ யூடியூப்ல வந்தப்போ, நாமளே பெருசு பண்ண வேணாம்னு கம்பெனி முதல்ல அடக்கி வாசிச்சுது. பத்து லட்சம் வியூ தாண்டுன அப்புறம்தான் தலைவர் யூடியூப்லயே வந்து மன்னிப்பு கேட்டாரு. தீ எங்க பிடிச்சுதோ அங்கதான் தண்ணி ஊத்தணும், அதனால வீடியோ ஓடுற தளத்துலயே முதல்ல பதில் போடுங்க.

இன்னொண்ணு, ஆபீஸுக்குள்ள அனுப்புற மெயிலும் வெளிய வரும்னு நெனச்சே எழுதுங்க. 2017 ஏப்ரல்ல அமெரிக்காவோட யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்துல பயணியை இழுத்துட்டுப் போன வீடியோ வந்தப்போ, சிஇஓ வெளிய ஒரு அறிக்கை விட்டாரு, ஊழியர்களுக்கு அனுப்புன மெயில்ல பயணி மேலயே பழி போட்டாரு. மெயில் வெளிய வந்துடுச்சு. மறுநாள் முழுசா மன்னிப்பு கேட்டும் முதல்ல சொன்னதுதான் ஜனங்க மனசுல நின்னுச்சு.

கடல்காகம்:
எல்லாருக்கும் நன்றி. விளம்பரத்தை நிறுத்திட்டேன், எம்டி கஸ்டமர் வீட்டுக்குப் போன் பண்ண ஒத்துக்கிட்டாரு. இப்படி எழுதியிருக்கேன்: "வாடிக்கையாளர் நலனே எங்களுக்கு முதன்மை. இச்சம்பவம் குறித்து உரிய விசாரணை மேற்கொள்ளப்பட்டு தக்க நடவடிக்கை எடுக்கப்படும்." ஓகேவா?

தறிச்சத்தம்:
இது எந்தக் கம்பெனியும் எந்தப் பிரச்சனைக்கும் போடக்கூடியது, வீடியோ பாத்து வயிறு எரிஞ்சவங்க இதைப் படிச்சா இன்னும் எரியும். இப்படிப் போட்டுப் பாருங்க: "வீடியோவைப் பார்த்தோம். வயதான ஒருவரிடம் எங்கள் ஊழியர் அப்படிக் கத்தியது தவறு. அவரிடம் மன்னிப்புக் கேட்கத் தொடர்புகொண்டிருக்கிறோம். என்ன நடந்தது என்று விசாரித்து வருகிறோம். இன்று மாலை 6 மணிக்கு இதே பக்கத்தில் அடுத்த தகவலைச் சொல்கிறோம்." அந்த 6 மணியைத் தவற விடாதீங்க, புதுசா ஒண்ணும் இல்லன்னாலும் இன்னும் விசாரிச்சுட்டுத்தான் இருக்கோம்னு வந்து சொல்லுங்க.

நாலாவதுமாடி:
இந்த வாசகத்துல லீகலுக்கு ஆட்சேபம் இருக்காதுன்னுதான் நெனக்கிறேன். ஆனாலும் அவங்ககிட்ட ஒரு தடவை காட்டிட்டுப் போடுங்க, ஒரு மணி நேரத்துல பதில் வேணும்னு சொல்லியே குடுங்க.